பரிசு விழுந்த தெரு

இன்னாசியம்மாள் வண்டிக்கான வரி என்று சொல்லப்பட்ட பணத்தைக் கட்டிவிட்டு வந்த மத்தியானம், கீழமுனையில் அவள் வீட்டு வாசலுக்கு முன்னால் மணலில் ஒரு காரின் நிழல் கிடந்தது. கார் இல்லை. கூரையும் ஜன்னல்களும், இரண்டு பக்கமும் காதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கண்ணாடிகளும் தெளிவாகத் தெரிய, கோயிலைப் பார்த்து முகம் வைத்து, நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன டிரைவர் இதோ வந்துவிடுவான் என்பதுபோல நிழல் மட்டும் கிடந்தது. தலையில் நெத்திலிக் கூடையோடு வந்த இன்னாசியம்மாள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். மீன் இன்னும் புரட்டிப் போடாமல் கிடந்தது, முதுகு வலித்தது, வெயில் இறங்குவதற்குள் செய்ய வேண்டியது நிறைய இருந்தது. அதனால் நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய் வேலையைப் பார்த்தாள்.

கீழமுனை ஒரே ஒரு தெரு. அதன் ஒரு கோடியில் சவேரியார் கோயில், மறு கோடியில் கடல். முன்பு மீன் காயப்போட்ட கடற்கரை மணலில் வடக்கே பாதியைக் கம்பெனிச் சுவர் எடுத்துக்கொண்டது, தெற்கே மீதியைக் கடலரிப்புக்குப் போட்ட கல்லும் கடலும் எடுத்துக்கொண்டன, அதன்பிறகு தெருவே காயப்போடும் களம் ஆகிவிட்டது. பெண்கள் வாசலுக்கு முன்னால் கிழிந்த வலையை விரித்து, உப்பில் ஊறிய நெத்திலியையும் சாளையையும் பரப்பி, வெயில் திரும்பத் திரும்பத் தாங்களும் திரும்பி, காக்கையை விரட்டி, ஈயை விரட்டி, அந்தத் தெருவுக்கு விழும் வெயிலை முழம் போட்டுப் பங்கு பிரித்து வாழ்ந்தார்கள். வெயில் இருந்தால் கருவாடு, இல்லாவிட்டால் நாற்றம், இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு வேறு எதுவும் கிடையாது.

இன்னாசியம்மாளுக்குப் போன் வந்தது இப்படி. அவள் மீன் அலசும் வேலையில் இருந்தாள். உப்புத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்தால் ஒரு ஆண் குரல், நல்ல படித்த குரல்.

"இன்னாசியம்மாள் மேடம்ங்களா? வாழ்த்துக்கள்மா. பொன்மாலை ஜவுளி மாளிகை ஆண்டுவிழாக் குலுக்கல்ல முதல் பரிசு உங்களுக்குத்தான் விழுந்திருக்கு. கார்மா, புதுக் கார்."

மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோது அந்தக் கடையில் ஒரு கூப்பனில் பெயரும் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. எத்தனையோ கடைகளில், எத்தனையோ பெட்டிகளில் அப்படிப் போட்டிருக்கிறாள். ஆனாலும் அவள் நம்பவில்லை. "எனக்கு எதுக்குங்க காரு, வேற யாருக்காவது குடுங்க" என்று வைக்கப் போனாள். அப்போது அந்தக் குரல் கேட்டது:

"குரலே சோர்வா இருக்கேம்மா. சாப்பிட்டீங்களா?"

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. சூரியன் உச்சிக்கு வந்திருந்தது, காலையில் குடித்த கறுப்புக் காப்பிதான் வயிற்றில் கிடந்தது. அந்தக் கேள்வியை அவளிடம் யாராவது கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தாள், யோசனை போய்க்கொண்டே இருந்தது. அவள் புருஷன் மிக்கேல் கெட்டவர் இல்லை. வலை இழுக்கும்போது முதுகு பிசகிய நாளிலிருந்து கயிற்றுக் கட்டிலோடு கிடந்தார், கேட்கப்பட வேண்டியவர் அவர், கேட்க வேண்டியவள் இவள் என்று அந்த வீட்டில் ஆகிப்போயிருந்தது. மகள் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து கூப்பிட்டால் அப்பாவுக்கு எப்படி இருக்கு என்றுதான் கேட்பாள். அவரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு பஸ் மாற வேண்டும், ஒவ்வொரு படியிலும் அவர் அம்மா அம்மா என்று கத்துவார், பஸ்ஸில் இருப்பவர்கள் இவளைப் பார்ப்பார்கள். ஒரு கார் இருந்தால்.

"வண்டி ரெடியா நிக்குது, அரசாங்க வரி மட்டும் நீங்க முதல்ல கட்டணும். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்மா. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கண்ணு பட்டுடும்."

அவள் கட்டினாள். கட்டியதற்கு நிழல் வந்தது.

தெரு அந்த நிழலுக்குப் பழகிக்கொண்ட விதம் தனிக் கதை. வெயில் எந்தப் பக்கம் போனாலும் அது நகரவில்லை, காலையிலும் சாயங்காலத்திலும் அதே இடம், அதே அளவு. முதல் நாள் கூட்டம் கூடிப் பார்த்தது, பரிசு விழுந்ததை அவளால் மறைக்க முடியவில்லை. மறுநாள் நாய்கள் வந்து படுத்தன. அப்புறம் ஐஸ் வண்டிக்காரன் தன் வண்டியை அதற்குள் நிறுத்தப் பழகினான், ஐஸ் சீக்கிரம் உருகவில்லை என்றான். பைக்கில் வரும் பையன்கள் அதன் முன்னால் வந்து பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்தார்கள். சவேரியார் திருவிழாவில் சப்பரம் தூக்கி வந்தவர்கள், தெரு அகலமாக இருந்தும், நிழலை ஒதுங்கித்தான் போனார்கள். பங்குத்தந்தை ஜெரால்டு சாமி அதன்மேல் தீர்த்தம் தெளித்துப் பார்த்தார், மணல் நனைந்ததே தவிர நிழல் போகவில்லை. ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, நிழலை விரட்டுவதற்கென்று தனிச் செபம் ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், "காரோட நிழல்ல ஏறி உக்காந்து யாரும் எந்த ஊருக்கும் போக முடியாது, பிள்ளைகளா" என்றார். சாமிக்குப் போன் வரவில்லை, அந்த வருத்தம்தான் என்று ஆண்கள் வெளியே வந்து பேசிக்கொண்டார்கள்.

இன்னாசியம்மாள் மிக்கேலின் கட்டிலை இழுத்து நிழலுக்குள் போட்டாள். வீட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வெந்துகொண்டு கிடந்தவர், கடல் காற்றும் நிழலும் சேர்ந்து பட, வெகு காலத்துக்குப் பிறகு மத்தியானம் கண் அசந்தார். அதைப் பார்த்தபோது கட்டிய பணம் வீண்போகவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மோட்சம் மட்டும் சண்டைக்கு வந்தாள். மோட்சம் மிக்கேலின் தங்கை, பக்கத்து வீடு. அவள் புருஷன் சேவியர் கேரளத்துப் பக்கம் விசைப்படகில் தங்கி வேலை பார்த்தான், ஊரில் அவனுடைய ஃபைபர் படகின் இன்ஜின் சாக்குப் போர்வையோடு மோட்சத்தின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. நிழலின் பின்பக்கம் அவளுடைய வலையில் ஒரு பாகத்தின்மேல் விழுந்தது.

"மைனி, ஒன் காரைக் கொஞ்சம் முன்னால தள்ளிப் போடு. என் சாளை காயமாட்டேங்குது."

"நான் எப்பிடிட்டி தள்ளுவேன்?"

"வரவச்சவ நீதான, தள்ளவும் நீதான் தள்ளணும்."

இன்னாசியம்மாள் தன் வலையில் பாதியை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். அதோடு அந்தச் சண்டை அடங்கியது.

குரல் மறுபடியும் கூப்பிட்டது. வரிக்குப் பிறகு ரிஜிஸ்ட்ரேஷன், அதற்குப் பிறகு இன்சூரன்ஸ், அதற்கும் பிறகு, வண்டி கிளம்பிவிட்டது, டோல்கேட்டில் டிரைவர் டீசலுக்குக் காசில்லாமல் நிற்கிறான், பாவம் பிள்ளைகுட்டிக்காரன். ஒவ்வொரு தடவையும் முதலில் சாப்பிட்டீர்களா என்ற கேள்வி வந்தது, பணம் பின்னால்தான் வந்தது. ஒவ்வொரு தடவை கட்டியதற்கும் வாசலில் நிழல் இன்னும் கொஞ்சம் கறுத்தது. டிரைவரின் டீசலுக்காக அவள் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி விற்றாள். மிக்கேல் கேட்டதற்குப் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

இதற்குள் தெருவில் மற்றவர்களுக்கும் போன் வரத் தொடங்கியது. போன் வந்தவர்கள் யாரும் ஏமாறும் சுபாவம் உள்ளவர்கள் இல்லை. மீன் விலையில் சல்லிக்காசு விடாதவர்கள். ஆனால் அவர்கள் கண் முன்னால் இன்னாசியம்மாளின் காரின் நிழல் கிடந்தது.

"பொருள் இல்லாம நிழல் எங்கேருந்துய்யா வரும்?" என்று வலை பின்னும் கில்பர்ட் கேட்டான். அவன் கட்டினான். அவன் வீட்டுச் சுவரில் ஒரு மோட்டார் பைக்கின் நிழல், ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டி நிறுத்தியதுபோல, சாய்ந்து விழுந்தது. கோயில் மணி அடிப்பவர் வீட்டு வாசலில் ஃபிரிட்ஜின் நிழல் நெடுக்காக விழுந்தது. சிங்கப்பூர் பயணம் விழுந்த குடும்பத்துக்கு ஒரு விமானத்தின் வால் மட்டும் விழுந்தது, மீதி விமானம் எந்த ஊரில் விழுந்திருக்கிறதோ தெரியவில்லை. நான் ஒரே ஒரு தடவைதான் கட்டினேன் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரே தடவை கட்டினவனுக்குப் பொருள் வரப்போகிறது, எனக்குத்தான் இழுக்கிறது என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் வைத்துக்கொண்டு, அடுத்ததையும் கட்டினார்கள். தெரு நாளுக்கு நாள் குளிர்ந்தது.

கடைசியில் மோட்சத்துக்குப் போன் வந்தது. அவளுக்குக் கார் இல்லை, பைக் இல்லை. அவள் வீட்டு மாடியில் செல்போன் டவர் வைக்கப்போகிறார்கள், மாதாமாதம் வாடகை, புருஷன் கேரளத்திலிருந்து திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், முன்பணம் மட்டும் இவள் கட்டினால் போதும். மோட்சம் கட்டினாள். டவரின் நிழல் அவள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து இறங்கித் தெரு நெடுக நீண்டு, எல்லார் வலைகளின் மேலும் ஏறி, கோயில் படிக்கட்டில் போய்த் தலை வைத்தது. முதலில் கம்பிக் கம்பியாக இருந்தது, கம்பிகளுக்கு நடுவில் சல்லடையில் விழுவதுபோல வெயில் விழுந்தது, பெண்கள் அந்தச் சதுரங்களைத் தேடித்தேடி மீனைப் பரப்பினார்கள். மோட்சம் அடுத்ததைக் கட்டினாள், சதுரங்கள் சுருங்கின. இன்னொன்றும் கட்டினாள், மூடிக்கொண்டன.

அதற்குப் பிறகு கீழமுனையில் மீன் காயவில்லை. நெத்திலி வலையிலேயே மஞ்சள் பூத்துக் குழைந்தது. சாளையின் வயிறு வெடித்தது. ஈக்கள் ஊரைத் தங்களுக்கு எழுதி வாங்கிக்கொண்டதுபோல நடந்துகொண்டன. பூனைகள்கூட முகர்ந்துவிட்டுப் போயின. கருவாட்டு வியாபாரி வந்தான், ஒரு கூடையில் கையை விட்டு எடுத்து மூக்கருகே வைத்தான், ஒன்றும் சொல்லாமல் கையைக் கடலில் கழுவிக்கொண்டு போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பெண்கள் நினைத்தார்கள். யாருக்கும் யாரையும் திட்டத் தெம்பில்லை. அவரவர் நிழலைப் பார்த்துக்கொண்டு அவரவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், போன் மடியில் இருந்தது.

அந்த நாட்களில் ஒன்றில்தான் இன்னாசியம்மாள் பஸ் ஏறி டவுனுக்குப் போய், பொன்மாலை ஜவுளி மாளிகைக்குள் நுழைந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "எனக்குக் காரு விழுந்திருக்கு, வந்து சேரல்ல" என்றாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாள் முழுக்க நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கியிருந்தது.

"நாங்க யாருக்கும் போன் பண்றதில்லைம்மா. இந்த வருஷம் குலுக்கலே நடத்தலை. உங்களை மாதிரி வாரத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க. வாசல்ல போர்டுகூட வெச்சிருக்கோம், வர்றவங்க யாரும் அதைப் பாக்கிறதில்லை."

"என் பேரு தெரிஞ்சிருந்துச்சே தாயி. இந்தக் கடையில துணி எடுத்ததுகூடத் தெரிஞ்சிருந்துச்சே."

"பேரும் நம்பரும் எங்கெங்கேயோ விக்கிறாங்கம்மா. ஊர்ல எல்லாரும் இந்தக் கடையில எடுத்திருப்பாங்க, குத்துமதிப்பா சொல்றதுதான்." பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "பரிசைக் குடுக்கிறவன் காசு கேட்டா அது பரிசே இல்லைம்மா. சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்தினாலும், யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னாலும் போனை வெச்சிடுங்க. எங்கம்மாவும் கட்டினாங்க. ரெண்டு வருஷமா எங்கிட்ட மறைச்சாங்க."

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள், எழுதிக்கொண்டார்கள். கட்டின அன்றைக்கே வந்திருந்தால் பணத்தை பேங்கில் நிறுத்தப் பார்த்திருக்கலாம், இவ்வளவு தள்ளி வந்தால் கஷ்டம்தான் என்றாள் அங்கிருந்த பெண் போலீஸ். இன்னாசியம்மாள் திரும்பி வந்தாள். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. காரின் நிழல் அப்படியே கிடந்தது, அதற்குள் மிக்கேல் தூங்கிக்கொண்டிருந்தார். குரல் கூப்பிட்டபோது எடுத்தாள். பொய் என்று தெரிந்துதான் எடுத்தாள். சாப்பிட்டீர்களா என்று அது கேட்டு முடிக்கும் வரை காதில் வைத்திருந்துவிட்டுப் பிறகு அணைத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான் செய்தாள்.

பிறகு ஒருநாள் வேறொரு குரல் வந்தது, பெண் குரல். "அம்மா, நீங்க பரிசு மோசடியில பணம் இழந்திருக்கீங்க. நாங்க அதை மீட்டுத் தர்ற ஆபீஸ்லேந்து பேசறோம். முழுப் பணமும் திரும்பி வந்துடும், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டிடுங்க."

தோடு திரும்பி வரும் என்று இன்னாசியம்மாள் ஒரு நிமிஷம் காதைத் தொட்டுப் பார்த்தாள். மிக்கேலின் மருந்துக்கு வைத்திருந்த பணம் அரிசிப் பானைக்குள் இருந்தது. பானை வரைக்கும் போய்விட்டாள். மூடியைத் திறக்கும்போதுதான், நான் ஏமாந்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தாள். கடைப் பெண்ணுக்குத் தெரியும், ஸ்டேஷனில் தெரியும். அவர்கள் யாரும் தன்னிடம் காசு கேட்கவில்லை. அது போக, ஒருத்தி ஏமாந்தது வேறு யாருக்குத் தெரியும்? ஏமாற்றினவனுக்குத் தெரியும். மூடியை வைத்துவிட்டுப் பானையின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று.

எழுந்தபோது பக்கத்து வீட்டில் ஆள் பேச்சு கேட்டது. மோட்சத்தின் கூடத்தில் யாரோ ஒருவன் சாக்கை விலக்கி இன்ஜினைக் கயிறு இழுத்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போனபின் இன்னாசியம்மாள் உள்ளே போனாள்.

"ஏட்டி, இன்ஜினை எதுக்கு விக்க?"

"டவருக்குக் கடைசிப் பணம் மைனி. இது கட்டுனா நாளைக்கழிச்சு லாரியில கம்பி வந்திரும்."

"சேவியருக்குத் தெரியுமா?"

"வாடகை வந்தபொறவு சொல்லிக்கலாம்."

"வராது மோட்சம். கட்டாத."

மோட்சம் இன்ஜினைச் சாக்கால் மூடினாள், பிள்ளையைப் போர்த்துவதுபோல. "ஒனக்கு மட்டும் காரு வரலாம், எனக்கு டவர் வரக்கூடாதோ?"

"காரு வரல்லட்டி."

"நெழலு கெடக்கே."

"நெழலுதான் கெடக்கு."

"அப்பம் சொல்லு. நீ எம்புட்டுக் கட்டுன? எதை வித்துக் கட்டுன?"

இன்னாசியம்மாள் வாயைத் திறந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மிக்கேல் இருமினார். அவள் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் தெரு முனையில் இன்ஜினை ஏற்ற வண்டி வந்து நின்றது. எல்லாரும் வாசலில் இருந்தார்கள், காயாத மீனை வெறுமனே புரட்டிக்கொண்டு. வண்டிச் சத்தம் கேட்டதும் மோட்சம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அப்போது இன்னாசியம்மாள் எழுந்து, கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இத்தனை நாள் கட்டிலோரம் தவிர மிதிக்காத தன் காரின் நிழலுக்கு நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றாள். சத்தமாகப் பேச அவளுக்குத் தெம்பு இல்லை, மெதுவாகத்தான் பேசினாள், அதனாலேயே தெரு அடங்கிப்போனது. "எனக்குக் காரு விழல்ல. யாரும் குலுக்கவே இல்ல. நான் கடையில போய்க் கேட்டுட்டேன். ஒரு தடவை கட்டுனேன்னு ஒங்ககிட்டச் சொன்னேன், அது பொய்யி. வரின்னான் கட்டுனேன், இன்சூரன்ஸுன்னான் கட்டுனேன், டிரைவருக்கு டீசலுன்னான், அதுக்கும் கட்டுனேன். சீட்டுப் பணம் போச்சு. தோடு பாலிஷுக்குப் போவல்ல, வித்துட்டேன்."

கட்டிலில் மிக்கேல் கண்ணைத் திறந்திருந்தார்.

அவள் குனிந்து மணலைப் பார்த்தாள். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் நிழல் இன்னும் காலடியில் பாதி கிடந்தது, மங்கி, போவதா நிற்பதா என்று.

"பொய்யின்னு தெரிஞ்ச பொறவும் போனை எடுத்தேன். சாப்பிட்டியான்னு கேப்பான். அதைக் கேக்கதுக்குத்தான் எடுத்தேன்."

அவளைச் சுற்றி மணல் வெளுத்தது. இத்தனை நாள் நிழலில் கிடந்த மிக்கேலின் முகத்தில் வெயில் நேராக விழுந்தது, அவர் கையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கை வெயிலுக்காகத்தான் போனதா என்று இன்னாசியம்மாளுக்குத் தெரியவில்லை.

மோட்சம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி கொஞ்ச நேரம் ஹாரன் அடித்தது, பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

தெரு அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. கில்பர்ட் நேராகவே வந்து கேட்டான்: "ஒங்க காரு போச்சுன்னா போவட்டும் மைனி. எங்க வண்டியை ஏன் கெடுக்கிய?" ஃபிரிட்ஜ்காரர் வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மிக்கேலும் பேசவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோன கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சில நாள் கழித்து, அடுப்படியில் அவள் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டு, அவர் சுவரைப் பார்த்தபடியே, சண்டை போடுகிறவர் மாதிரிக் கத்தினார்:

"ஏட்டி, கஞ்சி குடிச்சியா இல்லியா?"

"குடிக்கேன்" என்றாள். பிறகு குடித்தாள்.

அவள் வாசலில் மட்டும், டவரின் நிழலிலும் ஓட்டை விழுந்ததுபோல, வெயில் இருந்தது. ஒரே ஒரு கார் அளவுக்கு. அந்த இடத்தில் அவள் நெத்திலி காய்ந்தது, சலசலவென்று சருகுபோல. மறுபக்கத்து வாசல்காரி, சிங்கப்பூர் பயணம் விழுந்தவள், அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், முறித்துப் பார்த்தாள். அன்று சாயங்காலம் வந்து, என் கொலுசு போச்சு என்று மெதுவாகச் சொன்னாள். விமானத்தின் வாலில் பாதி போயிற்று. மறுநாள் மீதியையும் சொன்னாள், வால் முழுக்கப் போயிற்று. அப்படித்தான் ஒவ்வொருவராக வந்தார்கள், மத்தியான வெயிலில் தங்கள் நிழலுக்கு நடுவில் நின்று, காலைப் பார்த்துக்கொண்டு, கட்டினதையும் விற்றதையும் யாரிடம் பொய் சொன்னோம் என்பதையும் சொன்னார்கள். சொல்லி முடித்தவர்கள் காய்ச்சல் விட்டவர்கள்போல வியர்த்து உட்கார்ந்தார்கள். போன பணம் யாருக்கும் வரவில்லை, வெயில் மட்டும் வந்தது. கில்பர்ட், தன் கூட்டாளி ஒருவன் இப்படி ஏமாந்துவிட்டான் என்று கதையாகச் சொன்னான். சுவரில் பைக்கின் ஹேண்டில் கொஞ்சம் நிமிர்ந்தது, வண்டி போகவில்லை. அந்தக் கூட்டாளி நான்தான் என்று சொல்ல அவனுக்கு மேலும் ஒரு வாரம் பிடித்தது.

குரல் விடவில்லை, கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. யாருக்குப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "எக்கா, எனக்கும் விழுந்திருக்காம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவது வழக்கமாயிற்று. தெருவில் இருப்பவர்கள் மீனைப் புரட்டிக்கொண்டே, "எம்புட்டுக் கேக்கான்?" என்பார்கள். காசு என்ற சொல் வந்ததும் போனை அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அப்படி ஊர் கேட்க எடுத்த போனுக்கு ஒரு நிழலும் விழவில்லை.

மோட்சத்தின் டவர் மட்டும் கிடந்தது. மற்ற நிழல்கள் போனபின் அது தனியாக, தெரு நெடுக, யாரையும் விடாமல் கிடந்தது. அவள் இன்ஜினை விற்கவில்லை, போனை எடுக்கவும் இல்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. யாரும் அவளைச் சொல் என்று வற்புறுத்தவில்லை. சொல்வது எவ்வளவு கனம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவரவர் டவரின் இரு பக்கமும் மிச்சமிருந்த ஒல்லியான வெயிலில் வலையை ஒடுக்கி விரித்துக்கொண்டார்கள்.

பிறகு ஐப்பசி வந்தது. மேகம் இறங்கி, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, நாள் கணக்கில் மழை கொட்டியது. யாருக்கும் எதற்கும் நிழல் இல்லை. மழையின் நடுவில் ஒரு மத்தியானம் மோட்சம் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இன்னாசியம்மாளின் வீட்டுக்கு வந்தாள். ஈரத்தோடு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அனுப்புகிற சம்பளம் முழுக்கப் போச்சு மைனி என்றாள். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாச்சு என்று அவரிடம் சொல்லியிருக்கேன் என்றாள். அவர் வந்து வீட்டுல இருக்கணும்னுதான் கட்டுனேன், இப்பம் இன்னும் ரெண்டு வருஷம் அவர் அங்கேயே கெடக்கணும், நான்தான் அவரை அங்க கெடக்க வச்சிட்டேன் என்றாள். கட்டிலில் இருந்த மிக்கேல் தங்கையின் தலையில் கையை வைத்தார். இன்னாசியம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். மோட்சம் அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, திறந்த கதவு வழியாக மழையைப் பார்த்தாள்.

"போயிருக்குமா மைனி?"

"வெயில் வந்தாத்தான் தெரியும்."

வெயில் வர வெகு நாள் ஆயிற்று. அதற்குள் மோட்சம் புருஷனுக்குப் போன் போட்டு அவனிடமும் சொன்னாள். அவன் கத்தினான், வைத்தான், மறுபடி கூப்பிட்டுக் கத்தினான், பிறகு இன்ஜினுக்கு எண்ணெய் போட்டு வை, துரு ஏறிவிடும் என்றான்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் கோயில் பக்கமிருந்து வெளிச்சம் வந்தது. பெண்கள் கூடையும் வலையுமாக வெளியே வந்து, விரிக்காமல், அவரவர் படியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோட்சமும் கூடையும் வலையுமாகப் படியைவிட்டு இறங்கி வந்தாள், ஆனால் குனிந்து பார்க்கவில்லை.

"நீ பாரு மைனி" என்றாள்.

இன்னாசியம்மாள் பார்த்தாள். நனைந்த மணலில் இரண்டு பெண்கள் கூடையோடு நின்றார்கள், ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. கோயில் படிக்கட்டு வரை வேறு எதுவும் இல்லை.

"நாம ரெண்டு பேருதான் இருக்கோம்" என்றாள்.

மோட்சம் நம்பவில்லை. மெல்லக் குனிந்து, குட்டையானதைச் சந்தேகத்தோடு பார்த்தாள். ஒரு கையைத் தூக்கினாள். அதுவும் தூக்கியது. விரலை மடக்கினாள், அதுவும் மடக்கியது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வலையின் ஒரு முனையை இன்னாசியம்மாளிடம் கொடுத்தாள், இருவரும் இரண்டு பக்கமும் இழுத்து விரித்தார்கள்.